பிரெய்ல் சொல்லாட்டம் செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா மகள் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அவளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பலகையைச் சுற்றி உட்கார்ந்து விளையாட வேண்டும் என்பதற்காகச் சில ஆண்டுகளாக அட்டையிலும் மரத்திலும் தமிழ்ச் சொல்லாட்டங்கள் செய்துவருகிறேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எனக்குப் பிரெய்ல் தெரியாது. இதில் இறங்கலாமா?

தாராளமாக. ஆறு புள்ளிகள் கொண்ட ஓர் அமைப்பை ஒரு செல் என்பார்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. எந்தப் புள்ளி எழும்பியிருக்கிறது என்பதுதான் எழுத்து. அ என்றால் 1 மட்டும். க என்றால் 1, 3. ம என்றால் 1, 3, 4. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையைத்தான் தமிழும் பின்பற்றுகிறது.

தமிழில் 247 எழுத்துகள் என்று மலைக்க வேண்டாம். பிரெய்லில் உயிர் 12, மெய் 18, ஆய்தம், மெய்க்கு வைக்கும் புள்ளி என 32 செல்கள் தெரிந்தால் அத்தனையையும் எழுதிவிடலாம். கா என்பது க, ஆ என்ற இரண்டு செல்கள். க் என்பது புள்ளி, க என்ற இரண்டு செல்கள். மெய்ப்புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும். கொ என்பதை அச்சில் கொம்பும் காலும் இருபுறமும் அணைத்து நிற்கும். பிரெய்லில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான். கண்ணால் பார்த்துப் படிக்க ஒரு வாரம் போதும். விரலால் படிக்க மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும். இந்த வேறுபாடு ஆட்டத்தின் நியாயத்தோடு தொடர்புள்ளது என்பதால் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் விற்கும் சொல்லாட்டத்தின் மேல் பிரெய்ல் புள்ளிகளை ஒட்டிவிட்டால் போதாதா?

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆட்டம் நடந்தது, ஆனால் அவளுக்கு அது ஆட்டமாக இல்லை. ஸ்கிராபிள் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள்: பதினைந்துக்குப் பதினைந்து, மொத்தம் 225 கட்டங்கள். பார்வையுள்ள பிள்ளை ஒரு நொடியில் பலகை முழுவதையும் பார்த்துவிடுகிறது. விரலால் பார்ப்பவள் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கிறது. அதோடு மேலிருந்து கீழாக வரும் சொல். பிரெய்ல் என்பது விரல் இடமிருந்து வலமாக வழுக்கிக்கொண்டே போகும்போது படிக்கும் எழுத்து. செங்குத்தாக அடுக்கிய செல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, மனத்தில் கூட்டி, பிறகு சொல்லாக்க வேண்டும். நன்றாகப் படிப்பவர்கூட அங்கே எழுத்துக்கூட்ட வேண்டியவராகிவிடுகிறார்.

ஒரு நாள் அவள், “சித்தி, அவர்கள் விளையாடுகிறார்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்றாள். அன்றைக்கே அந்தப் பலகையை எடுத்து வைத்துவிட்டேன். விரலுக்கு எது எளிதோ அதிலிருந்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்; பார்வையுள்ளவர் அதற்குள் வந்து சேரட்டும். அவர்களால் முடியும், விரைவாகவே முடியும்.

அப்படிப் பிரெய்லிலிருந்தே பிறந்த ஆட்டம் ஒன்றைச் சொல்ல முடியுமா?

எங்கள் வீட்டில் அதிகம் விளையாடுவது ‘செல் அந்தாதி’. ஒரு காயில் ஒரு செல். சொற்கள் எல்லாம் இடமிருந்து வலமாக மட்டுமே. ஒரு வரிக்கு ஒரு சொல். ஒரு சொல்லின் கடைசிச் செல் எதுவோ, அதில்தான் அடுத்தவர் சொல் தொடங்க வேண்டும்.

மரம் என்று ஒருவர் வைக்கிறார்: ம, ர, புள்ளி, ம. மெய்ப்புள்ளி முன்னால் வந்துவிடுவதால் கடைசிக் காய் வெறும் ம. அடுத்தவர் மலை என்கிறார்: ம, ல, ஐ. இப்போது கடைசிக் காய் ஐ. மூன்றாமவர் ஐயில் தொடங்க வேண்டும். ஐந்து என்று வைத்துத் தப்பிக்கிறார். அது உகரத்தில் முடிகிறது, உலகம் வருகிறது. அச்சில் ‘து’வுக்குள் ஒளிந்திருக்கும் உகரம் பிரெய்லில் தனிச் செல்லாக வெளியே நிற்கிறது, அடுத்த சொல்லுக்குக் கதவு திறந்துவிடுகிறது. இலக்கணம் படிக்கும்போது ‘த் கூட்டல் உ’ என்று பலகையில் எழுதிக் காட்டினோமே, அதை இந்தப் பிள்ளைகள் கையிலேயே வைத்திருக்கிறார்கள்.

தமிழில் ஐகாரத்தில் முடியும் சொற்கள் ஏராளம், தொடங்கும் சொற்கள் சொற்பம். ஆகவே ‘ஐ’யில் முடித்து எதிராளியைத் திணறடிப்பது இந்த ஆட்டத்தின் பெரிய உத்தி. பத்து வயதுப் பிள்ளைகள் இதை இரண்டாம் ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ண, ழ, ள, ற, ன போன்றவை சொல்லுக்கு முதலில் வரா; ல, ர கடன்சொற்களில்தான் வரும். இந்த ஏழில் ஒன்றில் சொல் முடிந்தால், அந்தச் சொல்லின் முதல் செல்லை அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்று விதி வைத்திருக்கிறோம். கடல் என்றால் அடுத்தது ககரம்.

பத்திரிகைகளில் வரும் குறுக்கெழுத்துப் புதிர் போலச் செய்ய முடியாதா? அங்கே ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்துத்தானே?

முடியும். தமிழ் எழுத்து எதுவானாலும் பிரெய்லில் ஒரு செல் அல்லது இரண்டு செல். மூன்று கிடையாது. உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, அகரம் ஏறிய மெய் பதினெட்டு, ஆக 31 எழுத்துகளுக்கு ஒரே செல் போதும். மீதி 216 எழுத்துகளுக்கு இரண்டு. கட்டத்தை இரண்டு செல் அகலத்துக்கு வைத்துவிட்டால் அம்மா என்ற சொல் அச்சிலும் மூன்று கட்டம், பிரெய்லிலும் மூன்று கட்டம். பார்வையுள்ள நண்பர் நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு, பார்வையற்ற நண்பரோடு சேர்ந்து அதே புதிரைப் போடலாம். மேலிருந்து கீழ் வரும் சொல்லின் சிரமம் இதில் இருக்கத்தான் செய்கிறது. எதிரிகளாக அல்லாமல் இணையாக விளையாடும்போது அது பெரிதாகத் தெரிவதில்லை.

உயிரெழுத்துச் செல்லும் உயிர்மெய்க் குறிச் செல்லும் ஒன்றாகவே இருப்பதால் குழப்பம் வராதா என்று தமிழாசிரியர்கள் கேட்பதுண்டு. அளபெடை நீங்கலாகத் தமிழ்ச் சொல்லின் நடுவில் தனி உயிர் வருவதில்லை அல்லவா? அதனால் மெய்க்குப் பின்னால் உயிர்ச்செல் வந்தால் அது உயிர்மெய்தான்.

காயைத் தலைகீழாக வைத்துவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்த முதல் தொகுப்பு முழுவதையும் நான் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. வேறு யாரும் அப்படிச் செய்ய வேண்டாம் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவள் ஒரு சொல்லை வைத்தாள். எடுத்த காய்கள் வ, ஆ, புள்ளி, ல. எதிரே இருந்த சிறுவன் காயின் ஓரத்தில் நான் மையால் எழுதியிருந்த எழுத்தைப் பார்த்து, “கடைசிக் காய் தலைகீழாக இருக்கிறது” என்றான். அவள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “இல்லையே, நான் வைத்தது வாள்” என்றாள். இருவர் சொன்னதும் சரி. லகரம் 1, 2, 3: இடப்பக்கம் முழுவதும். ளகரம் 4, 5, 6: வலப்பக்கம் முழுவதும். லகரத்தைத் திருப்பினால் ளகரம்.

பிறகு எல்லாக் காய்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ழவைத் திருப்பினால் ற வருகிறது, பழி பறியாகிவிடும். இ திரும்பினால் ஈ. எ திரும்பினால் ஏ. ஓ திரும்பினால் ஔ. ப திரும்பினால் ண. ம திரும்பினால் ங. அகரம் திரும்பினால் ஆய்தம். ஐ, ஒ, ஊ, ஞ, த ஆகியவை மட்டும் எப்படித் திருப்பினாலும் தாமாகவே இருக்கின்றன. குறிலும் நெடிலும் ஒன்றையொன்று திருப்பிப் போட்டாற்போல் அமைந்திருப்பது கற்பிக்கும்போது எவ்வளவு அழகோ, விளையாடும்போது அவ்வளவு ஆபத்து.

திருப்பாவிட்டாலும் சிக்கல் உண்டு. தாளில் பக்கத்துச் செல்கள் இருப்பதால் ஒரு புள்ளி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று விரலுக்குத் தெரியும். தனிக் காயில் அந்த ஒப்பீடு இல்லை. அகரமும் மெய்ப்புள்ளியும் ஆய்தமும் ஒற்றைப் புள்ளிகள். முதலாவது 1, அடுத்தது 4, மற்றது 6. வெறும் காயில் மூன்றும் ஒரே மாதிரிதான் தட்டுப்படும்.

இரண்டு தீர்வுகளையும் சேர்த்தே செய்யுங்கள். சிம் கார்டுக்கு ஒரு மூலை வெட்டியிருக்குமே, அதுபோல எல்லாக் காய்களிலும் வலப்பக்க மேல்மூலையை வெட்டிவிடுங்கள். எழுத்துக்கு இடப்பக்கம் ஆறு புள்ளியும் நிறைந்த முழுச் செல் ஒன்றைப் போடுங்கள். தமிழ் எழுத்து எதற்கும் முழுச் செல் இல்லை என்பதால் தவறாகப் படிக்க மாட்டார்கள். அதை அளவுகோலாகக் கொண்டு பக்கத்துப் புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

எந்தக் காய் எத்தனை வேண்டும்?

மெய்ப்புள்ளியை எண்ணிக்கையில் சேர்க்கவே வேண்டாம். தமிழில் அது இல்லாமல் நாலு சொல் சேர்ந்தாற்போல் வைக்க முடியாது. கைக்கு வரவில்லை என்று ஒருவர் தவித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. ஒரு கிண்ணத்தில் முப்பது போட்டு நடுவில் வையுங்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும், மதிப்பெண் இல்லை. க, த, ப, ம, இ, உ ஆகியவற்றில் ஆறு ஆறு வைத்திருக்கிறேன்; மற்றவற்றில் நான்கு. அகரத்துக்கு மூன்று போதும், பிரெய்லில் அது சொல்லின் முதலில் மட்டும்தான் வருகிறது. ங, ஞ இரண்டிரண்டு. ஔ ஒன்று. ஆய்தத்தை எந்த எழுத்துக்கும் மாற்றாக வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

மதிப்பெண்ணைக் காயின் மேல் பிரெய்லில் போடாதீர்கள். எண்குறிக்கும் ணகரத்துக்கும் ஒரே செல்தான்: 3, 4, 5, 6. காயில் ஏதோ ஒரு மூலையில் ணகரம் தட்டுப்பட்டால் அது எழுத்தா எண்ணா என்ற தடுமாற்றம் தேவையற்றது. வல்லினம் ஒன்று, மெல்லினம் இரண்டு, இடையினம் மூன்று என்பது போல வாயால் சொல்லி நினைவில் வைக்கும் கணக்கே நல்லது.

புள்ளிகளைப் பெரிதாகப் போட்டால் படிக்க எளிதாக இருக்கும் அல்லவா?

பார்வையுள்ளவர் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம். பிரெய்ல் செல் விரல் நுனிக்குள் அடங்கும்படி அமைந்தது. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர், உயரம் அரை மில்லிமீட்டர், செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் 6 மில்லிமீட்டர். இதைப் பெரிதாக்கினால் ஒரு தொடுதலில் தெரிய வேண்டிய எழுத்தை விரல் தேடித் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கும். நன்றாகப் படிப்பவருக்கு வழக்கமான அளவே வேண்டும்.

இப்போதுதான் கற்பவருக்குப் பெரிய அளவு உதவும். லெகோ நிறுவனம் 2020 முதல் கற்பிப்போருக்கு வழங்கிவரும் பிரெய்ல் கட்டைகள் அந்த வகை: குமிழ்களுக்கு இடையே 8 மில்லிமீட்டர், அடியில் அச்செழுத்து. ஆறு முட்டை அடுக்கும் அட்டையும் அதே வேலையைச் செய்யும். குழிகளுக்கு 1 முதல் 6 வரை எண் வைத்து, புளியங்கொட்டை போட்டு எழுத்தை உண்டாக்கச் சொல்லுங்கள். ஒரே தொகுப்பில் இரண்டு அளவுகளையும் கலக்க வேண்டாம்.

சாதாரணத் தாளில் ஸ்டைலஸ் என்ற குத்தூசியால் குத்திய புள்ளி சில ஆட்டங்களிலேயே அமுங்கிவிடும். பிரெய்ல் எழுதத் தகுந்த கெட்டித் தாளில் எழுதி, பின்பக்கக் குழிகளில் பசை நிரப்பிக் காய வைத்து ஒட்டினால் நெடுநாள் வரும். ஸ்லேட் என்ற பிரெய்ல் எழுதும் சட்டத்தில் குத்துகிறீர்கள் என்றால் வலமிருந்து இடமாக, கண்ணாடிப் பிம்பம் போலக் குத்த வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பலகை எப்படி இருக்க வேண்டும்?

பல்லாங்குழியைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. கை பட்டால் சோழி சிதறாது. எத்தனை இருக்கிறது என்று விரலே சொல்லிவிடும். பார்க்காமலே விளையாடக்கூடிய பலகை நம் வீடுகளில் எப்போதோ இருந்திருக்கிறது. அதே பாடம்தான்: ஒவ்வொரு காயும் உட்கார ஒரு பள்ளம் வேண்டும். மூன்று மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டில் கட்டங்களை வெட்டி எடுத்துவிட்டு அட்டையில் ஒட்டினால் போதும். தகரப் பலகையும் காயின் அடியில் காந்தத் துண்டும் இன்னும் நல்லது. குறைபார்வை உள்ளவருக்காக மஞ்சள் மேல் தடித்த கறுப்பு எழுத்து.

பையில் கைவிட்டு எடுக்கும்போது எழுத்தைத் தடவிப் பார்த்துவிடலாமே?

உண்மை. சாதாரண ஸ்கிராபிள் ஆட்டக்காரர்கள் பைக்குள் காயைத் தடவி ஏமாற்றுவதற்குப் ‘பிரெய்லிங்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எச்சரிக்கை சரியானது. பையை விட்டுவிடுங்கள். காய்களை மேசையில் குப்புறப் பரப்பி, ஓரத்திலிருந்து வரிசையாக எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. பார்வையற்றவர் காய்களைப் படுக்கவைத்துத்தான் தடவுவார்; எதிரே இருப்பவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். செருப்புப் பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டி முன்னால் கவிழ்த்தால் மறைப்பு தயார். எல்லோருக்கும் வையுங்கள், ஒருவருக்கு மட்டும் வைத்தால் அது சலுகை போலத் தெரியும்.

பார்வையுள்ளவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாடினால்தானே சமம்?

வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கண்ணைக் கட்டியவர் பார்வையற்றவரின் நிலைக்கு வருவதில்லை. விரல் பழகாத, திசை தெரியாத ஒருவராகத்தான் ஆகிறார். பார்வையின்மை என்றால் தடுமாற்றம் என்ற எண்ணத்தோடு அவர் எழுந்து போவார். அதற்குப் பதில் விதியைச் சமமாக்குங்கள். காய் வைப்பவர் சொல்லையும் எழுத்துகளையும் வரி எண்ணையும் உரக்கச் சொல்ல வேண்டும். தன் முறை வந்தவர் பலகையைக் கைகளால் முழுதாகப் பார்த்து முடிக்கும் வரை நேரம் தொடங்காது. மணற்கடிகாரம் வேண்டவே வேண்டாம். ஒலிக்கும் கடிகாரம் வையுங்கள். பலகையில் இருப்பதைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும், அது உதவி அன்று, விதி.

எழுத்துகளை உரக்கச் சொல்லும்போது ன, ண, ந குழம்புகிறதே?

நாம் வழக்கமாக ‘மூன்று சுழி’, ‘இரண்டு சுழி’ என்போம். அச்செழுத்தைப் பார்த்தே அறியாத பிள்ளைக்குச் சுழி என்றால் என்ன? துணைக்கால், கொம்பு எல்லாமே கண்ணின் சொற்கள். பழைய ஆசிரியர்கள் சொன்ன டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்கள் ஒலியின் சொற்கள். எந்த எழுத்துக்கு முன் எது வரும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன. வல்லின ற, இடையின ர என்றும் சொல்லலாம். கொம்பும் காலும் சொல்லாமல் ‘ககரம், ஓகாரம்’ என்று சொல்லிப் பழகுங்கள். எங்கள் தெருப் பிள்ளைகளின் எழுத்துப்பிழை இதனாலேயே குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

‘புள்ளி’ என்ற சொல்லையும் பிரித்துக்கொள்ளுங்கள். பிரெய்லின் புள்ளி, மெய்யின் புள்ளி, வென்றால் கிடைக்கும் புள்ளி என்று மூன்றுக்கும் ஒரே பெயர். நாங்கள் முதலாவதைப் புள்ளி என்றும், இரண்டாவதை மெய்ப்புள்ளி என்றும், மூன்றாவதை மதிப்பெண் என்றும் வைத்துக்கொண்டோம்.

பிரெய்ல் படிக்காத பார்வையற்றவர் வந்தால்?

நடுவயதில் பார்வை இழந்தவர்கள் பலர் பிரெய்ல் கற்பதில்லை. ஒரு பிரெய்ல் வாசகரோடு இணை சேர்த்துவிடுங்கள். சொல்வளம் இவருடையது, விரல் அவருடையது. செல் அந்தாதியை வாய்மொழியாகவே விளையாடினாலும் சுவை குறைவதில்லை.

கைப்பேசியில் செயலியாகச் செய்ய நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லாதீர்கள். சொல்லை ஊகிக்கும் வேர்டில் ஆட்டத்தின் முடிவை நண்பர்கள் வண்ணச் சதுரங்களாகப் பகிர்ந்துகொள்ளும்போது, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் “பச்சைச் சதுரம், மஞ்சள் சதுரம்” என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகும். ‘இரண்டாம் எழுத்து சரி, நான்காவது இடம் மாறியிருக்கிறது’ என்று சொற்களில் தந்தால் எல்லோருக்கும் நல்லது. கொ என்ற ஓர் எழுத்தைக் கணினி இரண்டு குறிகளாகச் சேமிக்கிறது. எழுத்தெண்ணும்போது அதை ஒன்றாக எண்ண வேண்டும். புள்ளிகள் எழும்பிக் காட்டும் பிரெய்ல் திரைக்கு எழுத்தை மாற்ற லிப்லூயி என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது, தமிழுக்கும் அட்டவணை கொண்டது. என்விடிஏ, டாக்பேக், வாய்ஸ்ஓவர் ஆகிய மூன்று திரைவாசிப்பான்களிலும் ஓட்டிப் பாருங்கள். தமிழ்க் குரல்கள் ல, ள, ழ வேறுபாட்டைத் தெளிவாக ஒலிக்காத இடங்களில் ‘பல்லில் வரும் ல’ என்பது போல ஒரு சொல்லையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள்.

சரியாகச் செய்திருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிரெய்ல் நன்றாகப் படிக்கும் ஒருவரையும் இப்போதுதான் கற்கும் ஒருவரையும் தொடக்கத்திலேயே அழையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு காட்டுவதற்காக அல்ல, அட்டையை வெட்டுவதற்கு முன்பே. அவர்கள் விளையாடும்போது நீங்கள் கைகளைப் பாருங்கள். ஒரே காயை இரண்டு முறை தொட்டால் செல் தெளிவாக இல்லை. பலகையின் ஓரத்தைத் தேடிக் கை அலைந்தால் வரி அடையாளம் போதவில்லை. கைகள் ஓய்ந்து மடியில் கிடந்தால் ஆட்டம் அவர்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போதைய தொகுப்பு நான்காவது. போன வாரம் அவள் ‘தலை’ வைத்து ஐகாரத்தில் நிறுத்தினாள்; எதிரே இருந்தவன் நெடுநேரம் யோசித்துவிட்டு ‘ஐயா’ என்று வைத்தான். அவள் பலகையைத் தடவி, ஆகாரத்தில் விரல் பட்டதும் ‘ஆமை’ வைத்து மறுபடியும் ஐகாரத்தில் கொண்டுவந்து விட்டாள்.